விரலை நீட்டிய மேலாளர்

சென்ற கோடை விடுமுறையில் மும்பை நிறுவனம் ஒன்றில் பயிற்சிக்குச் சென்றிருந்தேன். சிறு கடைக்காரர்கள் கணக்கு எழுதுவதற்கான கைப்பேசிச் செயலி அவர்களுடையது. பதிவு செய்யத் தொடங்குவோரில் பலர் பாதியிலேயே விட்டுவிடுகிறார்கள் என்பது குறை. முதல் திரையிலேயே 9 கட்டங்களை நிரப்பச் சொன்னால் யார்தான் நிற்பார்? 3 போதும் என்று அரை மணி நேரம் முழங்கினேன். நண்பர்களே, நம் மன்றத்துக் கைதட்டல் அங்கே கிடைக்கவில்லை! "இதனால் வருமானம் எவ்வளவு கூடும்?" என்று மட்டும் கேட்டார் விற்பனை மேலாளர். வாயடைத்துப் போனேன்.

ஐவரை வைத்துச் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் வெளிப்படும் என்று ஜேக்கப் நீல்சன் 2000-இல் எழுதியது நினைவுக்கு வந்தது. தாதரிலிருந்து 5 கடைக்காரர்களை அழைத்து வந்தேன். பேசக்கூடாது, உதவக்கூடாது என்ற நிபந்தனையுடன் மேலாளரையும் அருகில் அமர்த்தினேன். ஜி.எஸ்.டி. எண் கேட்கும் கட்டத்தில் நால்வர் நின்றுவிட்டனர். அவர்களுள் ஒரு மளிகைக்காரர். அந்தப் பதிவே தேவைப்படாத சிறு கடை அவருடையது. வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "எனக்குப் படிப்புப் போதாது, ஐயா" என்று மன்னிப்புக் கேட்டார். மேலாளரின் விரல் தானாகவே திரையை நோக்கி நீண்டது, பிறகு மடங்கியது.

மறுநாளே 6 கட்டங்களை நீக்க ஒப்புதல் கிடைத்தது. ஐந்தாமவர் தடுமாறியது நான் வரைந்த பொத்தானில். அதையும் மேலாளர் மறவாமல் குறித்து வைத்திருந்தார்.