ஒவ்வா உணவும் ஒப்பும் மனமும்

உண்ணும் உணவே உடம்பை வளர்ப்பதென்பது உலகறிந்த உண்மை. வள்ளுவரும் ‘மருந்து’ என்னும் 95-ஆம் அதிகாரத்தில் மருந்தினும் உணவைப் பற்றியே மிகுதியாகப் பேசுகின்றார். ஆயினும் ஊரார் அனைவர்க்கும் உரமளிக்கும் உணவொன்று ஒருவர்க்கு மட்டும் பகையாதல் உண்டு. இதனை மருத்துவர் ஒவ்வாமை என்பர். வியன்னா நகரத்துக் குழந்தை மருத்துவராகிய கிளெமென்ஸ் வான் பிர்க்கே என்பார் 1906-ஆம் ஆண்டில் ‘அலர்ஜி’ என்னுஞ் சொல்லை ஆக்கினார். அச்சொல் எம் புதல்வனின் எட்டாந் திங்களில் எம் இல்லம் புகுந்தது.

பசும்பால் கலந்த கஞ்சியை உண்ட சிறுபொழுதில் அவன் உதடு வீங்கிற்று. உடலெங்குந் தடிப்புக்கள் எழுந்தன. அன்று முதல் பால், தயிர், மோர், வெண்ணெய், நெய் ஆகிய ஐந்தும் அவனுக்கு விலக்காயின. பால் ஒவ்வாத குழந்தைகளிற் பலர் வளர வளர அக்குறை நீங்கப்பெறுவர் என்று மருத்துவர் மொழிந்தார். அச்சொல்லையே ஊன்றுகோலாகக் கொண்டு யாம் இருவரும் ஆண்டுகளைக் கழித்தோம்.

ஆறு வயது நிரம்பியதும் மீண்டும் சோதனை நிகழ்ந்தது. முன்கைத் தோலில் உணவுச் சாரங்களைத் துளித்துளியாக இட்டு, நுண்ணிய முனையால் மெல்லக் குத்தி, 15 நிமிடங் கழித்து எழுந்த தடிப்பை அளப்பர். நான்காம் வயதில் 7 மில்லிமீட்டராக இருந்த பாலின் தடிப்பு இப்பொழுது 9 ஆயிற்று. எள்ளுக்குரிய இடத்திலும் 3 மில்லிமீட்டர் அளவில் ஒரு தடிப்புத் தோன்றிற்று. குருதிச் சோதனையும் பாலைக் குறித்து அதனையே உரைத்தது. குறையுமென்று காத்திருந்தது மிகுந்தது கண்டு யாம் வாயடைத்து நின்றோம்.

அப்பொழுது மருத்துவர் விளக்கியவை எமக்குப் பேருதவியாயின. தடிப்பின் அளவு, ஒவ்வாமை இருத்தற்குரிய வாய்ப்பைக் காட்டுமேயன்றி, அடுத்த முறை வருந் துன்பத்தின் கடுமையை அளந்து காட்டாது. எள்ளுருண்டையை அவன் யாதொரு தீங்குமின்றி உண்டு வருதலின், தடிப்பொன்றையே கருதி அதனை நிறுத்தவேண்டா என்றார். சோதனையின் விடையை உண்டறிந்த வரலாற்றோடு சேர்த்தே படித்தல் வேண்டும் என்பது அவர் கருத்து. ஐயம் தீர்தற்கு, மருத்துவமனையில் மருத்துவர் கண்முன் சிறிது சிறிதாக உண்பித்துப் பார்ப்பதே உறுதியான வழியாம். பாலைப் பொறுத்தவரை அதற்குக் காலம் இன்னும் கனியவில்லை.

அன்றிரவு புதல்வன், “அம்மா, தயிர்ச்சோறு எனக்கு எப்பொழுதுமே இல்லையா?” என்று வினவினான். அடுத்த ஆண்டு உண்ணலாம் என்று பொய் கூறி அவனைத் தேற்ற எமக்கு மனம் இசையவில்லை. “இப்பொழுது இல்லை, கண்ணா, பின்னர் மறுபடியும் பார்ப்போம்” என்றோம். அவன் சிறிது அழுதான், பின்பு உறங்கினான். மறுநாள் அவன் பாட்டியார் தேங்காய்ப்பாலிற் பாயசம் சமைத்து வீட்டார் அனைவர்க்கும் அதனையே பரிமாறினார். தனி இலையும் தனிச் சமையலும் பிள்ளையின் மனத்தைப் பிரித்துவிடும் என்பதை எவரும் அவருக்குச் சொல்லவேண்டியிருந்ததில்லை.

உணவை விலக்குதலினும் அன்பை மறுத்தலே அரிது. “ஒரு துளி நெய் என்ன செய்யும்?” என்பார் சிலர், “ஆட்டுப்பால் கொடுங்கள்” என்பார் சிலர், “நன்றாகக் காய்ச்சினாற் போதும்” என்பார் வேறு சிலர். நெய்யிலும் பாற்புரதம் சிறிது எஞ்சியிருத்தல் கூடும். ஆட்டுப்பாலின் புரதமும் பசும்பாலினதை மிக ஒத்ததே. பாலிலுள்ள கேசீன் என்னும் புரதம் கொதித்தாலும் எளிதில் அழிவதன்று. இவற்றை எத்துணை முறை வினவினும் முகங்கோணாது எடுத்துரைக்கப் பழகினோம். மூச்சுத் திணறலோ மயக்கமோ நேரின் அட்ரீனலின் ஊசியே முதல் மருந்து என்பதை அவன் ஆசிரியர்க்கும் அறிவித்துள்ளோம்.

ஏமாற்றம் முற்றும் அகன்றதென்று யாம் கூறோம். திருமணப் பந்தியில் பிற பிள்ளைகள் பாயசம் பருகுங்கால் அது மீண்டும் தலைகாட்டும். ஆயினும் அவன் தானே, “எனக்குப் பால் ஆகாது, மாமா” என்று தலைநிமிர்ந்து சொல்லுங்கால் எம் துயரம் தணிகின்றது.

மாணவ நண்பர்காள்! உங்கள் விடுதிப் பந்தியிலும் ஓர் உணவை வேண்டாவென்று விலக்குந் தோழன் ஒருவன் இருத்தல் கூடும். அவனை நகையாதீர், வற்புறுத்தாதீர், அறியாமல் அவன் இலையில் எதனையும் இடாதீர். அவன் அருகமர்ந்து உண்ணுங்கள். அதுவே அவன் பெற்றோர் உங்களிடம் வேண்டும் விருந்து.