புதுமண்டபத்துத் தேவி யார்?

மதுரைப் புதுமண்டபத் தூண்களில் நாயக்க மன்னர் பதின்மரின் உருவங்கள் நிற்கின்றன. அவற்றுள் திருமலை நாயக்கரை (ஆட்சிக்காலம் 1623–1659) அடையாளம் காண எவருக்கும் சிரமமில்லை. முன்தள்ளிய தொந்தி, கூப்பிய கைகள், தலைக்கு மேல் ஒரு விதானம், உடன் தேவியர். சிக்கல் அத்தேவியருள் ஒருத்தியிடம்தான். அவள் தொடையில் வெட்டுப்பட்டது போன்ற ஒரு குறி. யார் இவள்?

மதுரைக்காரர்களாகிய நம்மிடம் இரண்டு விடைகள் உண்டு. இவள் தஞ்சை அரசர் மகள் என்பது ஒன்று. பிறந்தகத்துப் பெருமை பேசி, நாயக்கர் கட்டிய அரண்மனையை இளக்காரமாக ஏதோ சொன்னாளாம். சினந்த மன்னர் ஆயுதத்தை ஓங்கினார். அந்தக் காயம் கல்லிலும் ஏறிவிட்டது.

மற்றது, நம்மவர் கூடுதல் ருசியுடன் சொல்வது. சிற்பி எத்தனை கவனமாகச் செதுக்கியும் அரசியின் தொடையில் ஒரு சில்லு தெறித்துக்கொண்டே இருந்தது. அமைச்சராயிருந்த நீலகண்ட தீட்சிதர், "அப்படியே இருக்கட்டும், அரசிக்கு அவ்விடத்தில் மறு இருக்க வேண்டும்" என்றார். சாமுத்திரிகா லட்சணம் அறிந்தவரின் ஊகம் அது. மன்னரோ ஐயுற்று, அவர் கண்களைப் பறிக்க ஆணையிட்டார். அதை முன்னுணர்ந்த தீட்சிதர், பூசையிலிருந்த கற்பூரச் சுடரால் தாமே கண்களைப் பொசுக்கிக்கொண்டு, 'ஆனந்தசாகரஸ்தவம்' பாடி மீனாட்சியின் அருளால் பார்வை மீண்டார் என முடியும்.

இரண்டும் ஒருசேர உண்மையாக இயலாது. ஆயுதக் காயமென்றால் அது அரண்மனையே அறிந்த செய்தி, ஊகிக்க ஒரு மகாபண்டிதர் வேண்டியதில்லை. பிறவி மறுவென்றால் ஆயுதத்துக்கு வேலையில்லை.

அதிலும் இரண்டாவது கதை மதுரையில் பிறந்ததா என்பதே ஐயம். 11ஆம் நூற்றாண்டில் சோமதேவர் இயற்றிய 'கதாசரித்சாகர'த்தில் வரருசி இதையேதான் செய்கிறார். ஓவியத்தில் இருந்த அரசியின் இடைப்பகுதியில், லட்சணங்களைக் கொண்டு ஊகித்து ஒரு மறுவை வரைகிறார். அரசன் சந்தேகித்து அவரைக் கொல்லச் சொல்கிறான். அறுநூறு ஆண்டு மூத்த கதை நம்மூர்க் கல்லில் ஒரு சில்லைக் கண்டதும் அதில் வந்து ஒட்டிக்கொண்டது என்றே நாம் எண்ணுகிறோம். நீலகண்டர் 17ஆம் நூற்றாண்டின் பெருங்கவி, 1637இல் 'நீலகண்டவிஜய சம்பு'வை முடித்தவர். அவர் புகழுக்கு இக்கதை தேவையே இல்லை.

மோனாலிசாவைப் பற்றியும் இப்படிப் பல கதைகள் உலவின. இசபெல்லா தெஸ்தே என்றார்கள், லியனார்டோவின் தாய் என்றார்கள், பெண்வேடத்தில் லியனார்டோவேதான் என்றும் சொன்னார்கள். 1550இல் வசாரி எழுதிவைத்த பெயருக்கு வலுவான சான்று 2005இல் ஹைடல்பர்க் பல்கலைக்கழக நூலகத்தில் கிட்டியது. சிசரோ நூலொன்றின் ஓரத்தில், அகஸ்டினோ வெஸ்புச்சி 1503 அக்டோபரில் எழுதிய குறிப்பு அது. லிசா தெல் ஜொகொண்டோவின் உருவத்தை லியனார்டோ வரைந்துகொண்டிருக்கிறார் என்கிறது. பட்டு வணிகரின் மனைவி என்பது உறுதிப்பட்டது. நம் தேவிக்கு அப்படியொரு வெஸ்புச்சி வாய்க்கவில்லை.

முகத்தைக் கொண்டு துணியவும் வழியில்லை. நாயக்கர் காலத்து அரசியர் உருவங்களில் கொண்டையும் அணிகலனும் நுணுக்கம், முகமோ பெரும்பாலும் ஒரே அச்சு. தனித்துத் தெரிவது இந்த வடு ஒன்றுதான். அதுவும் கல்லின் குறையாகவோ உளி வழுக்கியதாகவோ இருக்கக்கூடும்.

சான்று என்று பார்த்தால் இரு கதைகளும் தேறா. எனினும் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டுமென்றால் தஞ்சாவூர்க்காரியைத்தான் தேர்வோம். தீட்சிதர் கதையில் அரசன் பேசுகிறான், சிற்பி பேசுகிறான், அமைச்சர் பேசுகிறார். யாருடைய தொடையைப் பற்றிப் பேச்சோ அவள் வாய் திறப்பதே இல்லை. முதற்கதையில் அவள் ஒரு வாக்கியமாவது சொல்கிறாள், அதற்குத் தண்டனை கிடைத்தாலும்.

இரண்டிலுமே அவளுக்குப் பெயர் கிடையாது. தஞ்சாவூர்க்காரி என்பதோடு சரி. மேலூரிலிருந்து வாழ வந்தவளை மேலூர்க்காரி என்றே கடைசிவரை அழைக்கும் வழக்கம் நம் பக்கத்துக் கிராமங்களில் இன்றும் உண்டு.