பயந்த கைக்கு ஒரு பொத்தான்

புதுச்சேரி மீன்பிடித் துறைமுகத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை. விடியலில் ஆட்களை ஏற்றிப்போன படகு திரும்பிவிட்டது. முக்குளித்து வந்தவர்கள் வாசலில் நின்று, ஒருவர் போனில் ஒருவர் படம் பார்க்கிறார்கள். என் தங்கை மகனும் அந்தக் கூட்டத்தில் இருக்கிறான். உள்ளே, கயிற்றில் தொங்கும் ஜாக்கெட்டுகளிலிருந்து உப்புத் தண்ணீர் சொட்டுகிறது. இரண்டு பிளாஸ்டிக் தொட்டிகள் நிறைய நல்ல தண்ணீர். நடுவில் முக்காலி போட்டு அண்ணாச்சி உட்கார்ந்திருக்கிறார்.

ஊர் தூத்துக்குடிப் பக்கம். ஐம்பதைத் தாண்டிய வயது. கருவிகளைக் கழுவுவதும் பழுது பார்ப்பதும் சிலிண்டரில் காற்று நிரப்புவதும் அவர் வேலை. கூட ஒரு பையன். இங்கே எனக்கென்று ஒரு வேலையும் இல்லாததால், சுவரோரப் பெஞ்சிலிருந்து அவர் கைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு ஜாக்கெட்டை மடியில் போடுகிறார். அதன் இடது தோளிலிருந்து மடிப்பு மடிப்பாக ஒரு குழாய் தொங்குகிறது. குழாயின் நுனியில் இரண்டு பொத்தான்கள். ஒன்றை அழுத்தினால் ஜாக்கெட்டுக்குள் காற்று ஏறும், மற்றதை அழுத்தினால் இறங்கும். இரண்டுக்கும் இடையே ஒரு விரல் அகலம் இருக்கலாம். அண்ணாச்சி கண்ணை மூடிக்கொள்கிறார். கட்டைவிரல் மட்டும் இங்கும் அங்கும் தடவுகிறது. கண்ணைத் திறந்து, பழைய சைக்கிள் டியூப்பிலிருந்து காசு அளவுக்கு ஒரு வட்டம் வெட்டுகிறார். அதில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறல் போட்டு, காற்றை வெளியே விடும் பொத்தானின் தலையில் பசை தடவி ஒட்டுகிறார்.

"எதுக்கு அண்ணாச்சி?" என்கிறான் பையன்.

"காலைல அந்தப் பிள்ளை மாத்தி அமுக்கிட்டுல்லா."

வாசலில் சிரித்துக்கொண்டிருக்கும் பெண்களில் ஒருத்தியைத்தான் சொல்கிறார். கீழே இருக்கும்போது லேசாக மேலே எழும்புவதாக அவளுக்குத் தோன்றியிருக்கிறது. காற்றை வெளியேற்ற நினைத்தவள் உள்ளே ஏற்றும் பொத்தானை அழுத்திவிட்டாள். பயிற்சியாளர் அவள் கால் துடுப்பைப் பிடித்து இழுத்து நிறுத்தினாராம்.

இது சின்னத் தவறில்லை. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல் இரண்டு மடங்கு. அங்கே ஜாக்கெட்டில் இருக்கும் ஒரு லிட்டர் காற்று, மேலே வரும்போது இரண்டு லிட்டராக விரியும். விரிந்தால் இன்னும் தூக்கும், தூக்கினால் இன்னும் விரியும். பயத்தில் மூச்சை அடக்கினால் நுரையீரலுக்குள்ளும் அதே கணக்குத்தான். நிமிடத்துக்கு 18 மீட்டர் வேகத்தில் ஏறலாம் என்று முன்பு சொல்லிக்கொடுத்தார்கள். இப்போது பல இடங்களில் 9 மீட்டர்தான் என்கிறார்கள். இத்தனை எச்சரிக்கையும் சொல்லிவிட்டு, ஏற்றும் பொத்தானையும் இறக்கும் பொத்தானையும் ஒரே பிடியில் ஒட்டி வைத்திருக்கிறார்கள்.

"பயந்துட்டா ரெண்டு பொத்தானும் ஒண்ணுதாம்ல," என்கிறார் அண்ணாச்சி, நிமிராமல்.

அவர் மனத்தில் ஓடுவது பாடப் புத்தகம் சொல்லும் முக்குளிப்பவர் இல்லை. நீருக்கடியில் திகைத்துப்போன, விரல் விறைத்த, எதிரே இருப்பது சரியாகத் தெரியாத ஒரு ஆள். ஒவ்வொரு கருவியையும் அந்த ஆளின் கையில் வைத்துப் பார்த்துத்தான் கீழே வைக்கிறார்.

முக்குளிக்கும் கருவி வளர்ந்ததே இப்படித்தான். 1943இன் தொடக்கத்தில், பாரிஸ் அருகே மார்ன் ஆற்றில் முக்குளிப்பு முன்னோடி ழாக் குஸ்தோ, மூச்சு இழுக்கும்போது காற்று தரும் புதிய ரெகுலேட்டரை மாட்டிக்கொண்டு இறங்கினார். போர்க்காலப் பெட்ரோல் தட்டுப்பாட்டில், காருக்கு எரிவாயு ஊட்டுவதற்காகச் செய்த ஒரு வால்வை எமில் காஞ்ஞான் என்ற பொறியாளர் மூச்சுக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுத்திருந்தார். படுத்தவாக்கில் நீந்தினால் அருமையாக வேலை செய்தது. நிமிர்ந்து நின்றால் காற்று வீணாகக் கொட்டியது. தலைகீழானால் இழுக்கவே முடியவில்லை. காற்று வரும் இடமும் மூச்சு வெளியேறும் இடமும் சற்றுத் தள்ளி இருந்ததால், உடம்பு திரும்பும்போதெல்லாம் இரண்டிலும் நீரின் அழுத்தம் மாறியது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள், தீர்ந்தது. ஆள் தண்ணீரில் திணறியதுதான் அவர்களுக்கு வரைபடத்தைத் திருத்திக் கொடுத்தது.

வாசலில் இருந்து ஒருவர் உள்ளே வருகிறார். ஆஜானுபாகு. வீச்சரிவாள் மீசை. "மாஸ்க்ல தண்ணி வந்துக்கிட்டே இருந்துச்சுங்க, ஓட்டை மாஸ்க் போல" என்கிறார். அண்ணாச்சி மாஸ்க்கைக் கையில் வாங்கவே இல்லை, மீசையைத்தான் பார்க்கிறார்.

"மாஸ்க் நல்லாத்தான் இருக்கு சார். மூக்குக்குக் கீழ ஒரு நூல் அளவு மட்டும் வழிச்சிருங்க. கீழ்மீசை அப்படியே இருக்கட்டும்."

வந்தவர் முகத்தில், ஊரில் எவனும் தன்னிடம் இப்படிப் பேசியதில்லை என்ற திகைப்பு. பையன் தொட்டிக்குள் முகத்தைக் கவிழ்த்துச் சிரிக்கிறான். ஆனால் அண்ணாச்சி சொன்னது உண்மை. மாஸ்க்கின் சிலிக்கான் விளிம்பு தோலில் படிந்தால்தான் தண்ணீர் நிற்கும். நடுவே மயிர் இருந்தால் அது வழி விட்டுவிடும். இதை வடிவமைத்தவர் சுத்தமாகச் சவரம் செய்தவராகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. மேலுதட்டின் மேல் படியும் இடத்தில் விளிம்பை இன்னும் அகலமாக, இன்னும் மெல்லியதாக, இரட்டை வரிசையாகச் செய்து பார்க்கலாம். மீசைக்காரர்களுக்கு உலகத்தில் பஞ்சமா என்ன?

அடுத்து ஒரு சிலிண்டர். அலுமினியம். காலியாக இருக்கும்போதே சுமார் 14 கிலோ. 200 பார் அழுத்தத்தில் நிரப்பினால் உள்ளே ஏறும் காற்று மட்டும் இரண்டரைக் கிலோவுக்கு மேல். காற்று தீரத் தீர இந்தச் சிலிண்டர் மிதக்கத் தொடங்கும். அதனால், கடைசிப் பத்து நிமிடத்துக்காக முதல் நிமிடத்திலிருந்தே இடுப்பில் கூடுதல் ஈயம் சுமக்க வேண்டியிருக்கிறது. அண்ணாச்சி சிலிண்டரைக் கட்டும் பட்டையில் ஒரு சின்னப் பை தைத்து, இரண்டு கிலோ ஈயத்தை அதற்குள் போட்டிருக்கிறார். மிதப்பது எதுவோ அதன் மேலேயே பாரம். பையன் உற்சாகமாகி இடுப்பு ஈயம் முழுவதையும் அங்கேயே திணிக்கப் போகிறான். அவன் கையில் ஒரு தட்டு விழுகிறது. இடுப்பில் இருப்பதை ஆபத்தில் ஒரே இழுப்பில் கழற்றி எறியலாம். முதுகுக்குப் பின்னால் இருப்பதைக் கழற்ற முடியாது.

ஜாக்கெட்டுகளில் நாலைந்து, ஒல்லியான பெண்களுக்குப் பொருந்தாமல் காது வரை ஏறிக்கொள்கின்றன. அவற்றில் எல்லாம் அண்ணாச்சியின் ஊசி ஓடியிருக்கிறது.

பையன் ரெகுலேட்டர்களைத் துடைத்து மாட்டுகிறான். ஒவ்வொன்றிலும் வாயில் வைக்க இரண்டு. மஞ்சள் குழாயில் இருப்பது, காற்று தீர்ந்த கூட்டாளிக்குக் கொடுக்க வேண்டியது. நல்ல ஏற்பாடு. ஆனால் காற்று தீர்ந்தவன் மஞ்சளைத் தேடிக்கொண்டிருக்க மாட்டான். எதிரே இருப்பவன் வாயில் இருப்பதைப் பிடுங்குவான், அதில் காற்று வருகிறது என்று அவனுக்குக் கண்ணாலேயே தெரிகிறதே. ஃப்ளோரிடாவின் குகைகளில் முக்குளிப்பவர்கள் இந்த உண்மையோடு மல்லுக்கு நிற்கவில்லை. வாயில் இருப்பதற்கு ஏழு அடி நீளக் குழாய் போட்டார்கள். பிடுங்கட்டும், கொடுத்துவிடலாம். தனக்கான இன்னொன்றை ரப்பர் வளையத்தில் கோத்துக் கழுத்தடியில் தொங்கவிட்டார்கள். நான் அறிந்த திருத்தங்களில் இதுவே மிகச் சிறந்தது என்பேன். புதிய உலோகம் இல்லை, மின்சாரம் இல்லை. பயந்தவன் என்ன செய்வான் என்பதை ஒப்புக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

அண்ணாச்சி எழுந்திருக்கிறார். இடது முழங்கால் மடங்க மறுக்கிறது. தொட்டியைப் பிடித்துக்கொண்டு நிமிர்கிறார். சங்கு குளித்தவர் என்று பையன் முன்பே சொல்லியிருந்தான். படகில் கம்ப்ரசர் ஓடும், அதிலிருந்து வரும் குழாயை வாயில் கவ்விக்கொண்டு இறங்குவார்களாம். ஆழமும் நேரமும் எவ்வளவு என்று காட்ட எதுவும் இருக்காது. முழங்காலைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

காற்றழுத்தம் காட்டும் கேஜ் ஒன்றை எடுத்துக் கண்ணுக்குக் கிட்டத்திலும் தூரத்திலும் வைத்துப் பார்க்கிறார். நாற்பது வயதுக்கு மேல் இந்த எண்களைக் கலங்கல் தண்ணீரில் படிப்பது பலருக்கும் சிரமம். 50 பார் இருக்கும் இடத்தில் சிவப்பு நெயில் பாலிஷால் தடிமனாக ஒரு கோடு இழுக்கிறார். அதுவும் போதவில்லை போலிருக்கிறது.

"பாத்தாத்தானல தெரியும்? பயந்தவன் எங்க பாக்கான். அம்பதுக்கு வந்ததும் மூச்சு இழுக்கக் கொஞ்சம் கஷ்டமாவணும். அப்பந்தான் புரியும்."

இப்படி ஒரு கருவி ஏற்கெனவே இருந்தது. கேஜ் பரவலாகும் முன், காற்று குறைந்ததும் இழுப்பைக் கடினமாக்கும் வால்வு சிலிண்டரிலேயே இருந்தது. பக்கத்தில் ஒரு கம்பி. அதை இழுத்தால் மிச்சக் காற்று வரும். கம்பி எங்காவது இடித்துத் தானாக இறங்கிவிட்டால் எச்சரிக்கை வராமலே காற்று தீர்ந்துவிடும் என்பது அதன் குறை. கேஜ் வந்ததும் அதைக் கைவிட்டார்கள். குறையை நீக்கி அந்த வால்வை மீண்டும் கேஜோடு சேர்த்திருக்கலாம். மணிக்கட்டில் அதிர்ந்து எச்சரிக்கும் கணினிகள் இன்று உண்டு, ஆனால் வாடகைக் கருவிகள் தொங்கும் இந்தக் கயிற்றில் அப்படி ஒன்றையும் நான் பார்க்கவில்லை.

கருவி செய்யும் நிறுவனங்கள் எடையில் நூறு கிராம் குறைத்ததையும் புது நிறத்தையும் விளம்பரம் செய்கின்றன. வடிவமைப்பவர்களை இப்படி ஒரு கழுவும் தொட்டியருகே ஒரு வாரம் உட்கார வைத்தால் அதைவிட அதிகம் கிடைக்கும். டியூப் துண்டு, நெயில் பாலிஷ், தையல் என்று வாங்கியவன் திருத்திய இடமெல்லாம் விற்றவன் யோசிக்காமல் விட்ட இடம்.

நீங்கள் எங்காவது முக்குளிக்கப் போனால், படகிலேயே கண்ணை மூடிக்கொண்டு, காற்றை வெளியே விடும் பொத்தானைக் கட்டைவிரலால் தேடிப் பாருங்கள். தடுமாறினால் இறங்கும் முன்பே பயிற்சியாளரிடம் சொல்லிவிடுங்கள்.