சுவரிடுக்கில் பிறந்த அரசு

கெலமங்கலத்தைச் சூழ்ந்த கிராமங்களில் பழைய வீடுகளை இடித்துக் கான்கிரீட் கட்டடங்கள் எழுப்பும் இக்காலத்தில், பறவைகளின் எச்சத்தால் சுவரிடுக்கில் முளைத்து, மண்ணென்று சொல்லத்தக்கது ஏதுமின்றிச் சுண்ணாம்புக் காரையைப் பற்றியே வருஷக்கணக்காய் உயிர்தாங்கிய அரசும் இச்சியும் இடிபாடுகளோடு லாரியேறிப் போவதைக் காண மனம் பொறாமல், இயன்றவற்றைக் கேட்டு வாங்கித் தொட்டியில் வளர்த்து வருகிறேன். குறுகிய இடமும் சொற்ப ஆகாரமும் முன்பே பழகிய அம்மரங்களினும் போன்சாய்க் கலைக்கு உத்தமமானவை வேறில்லை என்பது என் அபிப்பிராயம்.

நீண்ட வேர்களைக் குறைத்து, வெட்டுவாயில் பால் வடிந்து நின்றபின், செங்கல் ஜல்லியும் மணலும் மக்கிய எருவும் சேர்ந்த, நீர் தேங்காத கலவையில் நட்டு நிழலில் வைக்கவேண்டும். எங்கள் பக்கத்து மார்கழிக் குளிரில் இவை தளிர்க்கத் தயங்குமாதலால், மாசிக்குப் பிறகு செய்வதே உசிதம்.

ஒருபுறம் வேரற்று வந்த மரத்துக்கும் விமோசனம் உண்டு. அதே இனத்து இளங்கன்றொன்றை, இரண்டின் பட்டையையும் சீவி, அடிமரத்தோடு இறுகக் கட்டிவைத்தால், பட்டைக்கடியிலுள்ள பசும்படலங்கள் ஒன்றுகூடி, பின்னர் கன்றின் தலையைக் களைந்ததும் அதன் வேர் மரத்தின் சொந்த வேராகவே ஆகிவிடுகிறது. என்னே இயற்கையின் ஔதாரியம்!

போன்சாய் வளர்ப்பது மரத்தைப் பட்டினியிடும் கொடுமை என்போர், பெங்களூர் லால்பாக்கிலுள்ள போன்சாய்த் தோட்டத்தை ஒருமுறை நிதானமாகச் சுற்றிப் பார்க்கட்டும். இப்பக்கத்தில் பழஞ்சுவர் இடிக்கும் அன்பர்கள், கடப்பாரை எடுக்குமுன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லியனுப்பக் கோருகிறேன்.