ஆற்றங்கரைத் தொகுதிக்காரர்களுக்கு என் வாக்கு

ஆகஸ்ட் 4, 2025. லண்டன்

இங்கிலாந்து, வேல்ஸ் பசுமைக் கட்சியின் தலைவர் தேர்தலில் வாக்குப்பதிவு தொடங்கிவிட்டது. மாதக் கடைசி வரை நேரம் இருக்கிறது. ஒருபக்கம் துணைத் தலைவர் ஜாக் பொலான்ஸ்கி. மறுபக்கம் இணைத் தலைமைக்குச் சேர்ந்து நிற்கும் எல்லி சௌன்ஸ், ஏட்ரியன் ராம்சே. என் வாக்கு இந்த இருவருக்குத்தான். இன்னும் முடிவெடுக்காத தோழர்களிடமும் இவர்களுக்காகவே பேசப் போகிறேன்.

பொலான்ஸ்கி மீது பலருக்கு இருக்கும் ஈர்ப்பு எனக்கும் புரிகிறது. வாடகை, மின்கட்டணம், பெரும்பணக்காரர்களின் சொத்து எல்லாவற்றையும் சுற்றுச்சூழலோடு சேர்த்து, கேட்பவர் நிமிர்ந்து உட்காரும்படி பேசுகிறார். கட்சிக்கு அந்தக் குரல் வேண்டும்.

ஆகஸ்ட் 11

ஆனால் இந்த நாட்டுத் தேர்தல் முறை கொடியது. 1989 ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் பசுமையாளர்கள் ஏறக்குறைய 15 சதவீத வாக்கு வாங்கினார்கள். ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. கரோலின் லூகாஸ் பிரைட்டனில் வென்று முதல் எம்.பி. ஆனது 2010-இல். 2024-இல்தான் நான்கு பேர் ஆனார்கள். அந்த நான்கில் வடக்கு ஹெரிஃபோர்ட்ஷயரும் வேவெனி வேலியும் கன்சர்வேடிவ்களுக்கே பழகிய நாட்டுப்புறம். அங்கே வென்றவர்கள் சௌன்ஸும் ராம்சேயும்.

ஹெரிஃபோர்ட்ஷயரை நினைத்தால் எனக்கு வை ஆறுதான் நினைவுக்கு வரும். அதன் படுகையில் சுமார் 2 கோடிக் கோழிகள் வளர்க்கப்படுவதாகச் சொல்கிறார்கள். கோழி எருவின் பாஸ்பரஸ் வயலில் தேங்கி, மழையோடு ஆற்றில் இறங்குகிறது. பாசி படர்ந்து வெளிச்சத்தை மறைக்க, அடியில் உள்ள நீர்ச்செடிகள் மடிகின்றன. ஆற்றுக்காகக் கொதிப்பவரும் கோழிப்பண்ணையை நம்பிப் பிழைப்பவரும் அங்கே ஒரே வாக்காளர் பட்டியலில் இருக்கிறார்கள். இரு தரப்பு வீட்டுக் கதவையும் தட்டாமல் அந்தத் தொகுதியில் ஜெயிக்க முடியாது. ராம்சே 2003-லேயே நாரிச் நகரக் கவுன்சிலர். தெருத்தெருவாகக் கட்சியை வளர்த்த தலைமுறை. கூட்டம் சேர்ப்பதைவிட, நம்மை நம்பாதவரைப் பேசி இழுப்பதே எனக்குத் தலைமைக்கான தகுதியாகப் படுகிறது. தலைவர் நாடாளுமன்றத்துக்குள் எழுந்து கேள்வி கேட்கக்கூடியவராக இருப்பதும் சின்ன விஷயமல்ல.

செப்டம்பர் 2

முடிவு வந்துவிட்டது. பொலான்ஸ்கிக்கு 20,411, சௌன்ஸ், ராம்சே இணைக்கு 3,705. இவ்வளவு பெரிய வித்தியாசத்தை நான் எதிர்பார்க்கவில்லை. மனம் கனக்கிறது. ஆனாலும் உறுப்பினர்கள் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். இனி அவர் எனக்கும் தலைவர். வை ஆற்றுப் பக்கம் அவர் அடிக்கடி போக வேண்டும், விவசாயிகளோடு உட்கார்ந்து பேச வேண்டும் என்று கட்சிக்குக் கடிதம் எழுதப் போகிறேன். வரும் மே மாதம் லண்டன் கவுன்சில் தேர்தல். வீடு வீடாகப் போக எங்கள் கிளையில் ஆள் தேவை. என் பெயரைக் கொடுத்துவிட்டேன்.