பத்மினியும் ஈரத் துண்டும்

"இன்னுமா சார் இதை ஓட்டறீங்க?" சிக்னலில் நிற்கும்போது யாராவது கேட்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் துடைத்து வெளியே எடுக்கிற ஆசை வண்டி என்று நினைப்பு. எங்களிடம் இருப்பதே இந்த 1986 மாடல் பிரீமியர் பத்மினி ஒன்றுதான். காய்கறிக்கும் பேங்குக்கும் டாக்டர் வீட்டுக்கும் இதில்தான் போகிறோம்.

காலையில் சோக்கை இழுத்து, ஆக்சிலரேட்டரை இரண்டு மிதி மிதித்துச் சாவியைத் திருப்பினால் கிளம்பிவிடும். கோடையில்தான் வம்பு. பெட்ரோல் பம்ப் என்ஜினை ஒட்டியே இருக்கிறது. சூட்டில் பெட்ரோல் ஆவியாகிவிட்டால் பம்ப் இழுக்காது, வண்டி நின்றுவிடும். கத்திப்பாரா மேம்பாலத்தில் ஒரு மே மாதம் மத்தியானம் அப்படி நின்றேன். ஈரத் துண்டைப் பம்ப் மேல் போட்டுவிட்டுப் பத்து நிமிஷம் காத்திருக்க வேண்டும். பின்னால் அடிக்கிற ஹாரனைக் காதில் போட்டுக்கொள்ளக் கூடாது. அன்றிலிருந்து டிக்கியில் ஒரு கேன் தண்ணீரும் துண்டும் இல்லாமல் நான் கிளம்புவதில்லை.

சாமான் புதுப்பேட்டையில் தேடினால் கிடைத்துவிடும். ஆள்தான் கிடைப்பதில்லை. எங்கள் மெக்கானிக் பாய்க்கும் என் வயசுதான். பாயிண்டைத் தேய்த்து, காதால் கேட்டே டைமிங் வைப்பார். அவர் பையன் கம்ப்யூட்டரைச் சொருகித்தான் வண்டி பார்க்கிறான். இதில் சொருக இடமே கிடையாது. எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகு, "ரப்பரெல்லாம் ஊறிப் போவுது சார்" என்று பம்ப் டயாஃப்ரத்தை இரண்டு தடவை மாற்றிவிட்டார். ஆர்.சி. புதுப்பிக்கிற கட்டணமும் 2022-ல் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆயிற்று. கட்டினேன். வேறென்ன செய்ய?

போன கார்த்திகையில் ஒரு ராத்திரி, இரண்டு மணி இருக்கும். மனைவிக்கு மூச்சுத் திணறல். பதற்றத்தில் ஆக்சிலரேட்டரை எத்தனை முறை மிதித்தேனோ தெரியாது. பெட்ரோல் வாடை குப்பென்று வந்தது. ஓவர்ஃப்ளோ. சாவியைத் திருப்பத் திருப்ப பேட்டரியும் இறங்கியது. எதிர்வீட்டுப் பையன் லைட் எரிவதைப் பார்த்து ஓடிவந்து, தன் காரில் ஏற்றிக்கொண்டு போனான். நல்ல வேளை, நான்கு நாளில் வீடு திரும்பினாள்.

பெங்களூரிலிருந்து மகன் வந்திருந்தான். "அப்பா, இந்த வண்டியைத் தள்ளிவிட்டுடலாம்ப்பா" என்றான். நான் பதில் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை. அவள்தான், "வண்டி என்னடா பண்ணும்? உங்கப்பா பதறிட்டார்" என்றாள். ஆனால் அவன் போனதும் ஒரு கண்டிப்பு போட்டாள்: இருட்டிவிட்டால் வண்டியை நம்பக் கூடாது. 108, எதிர்வீட்டுப் பையன் நம்பர் இரண்டையும் பெரிய எழுத்தில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டியதும் அவள்தான்.

எனக்கு அது கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. முப்பது வருஷம் ஓட்டியவனல்லவா!

இன்று காலை மார்க்கெட்டுக்குக் கிளம்பினோம். நல்ல வெயில். நான் சோக்கை இழுப்பதற்குள் அவள் உள்ளே ஏறி உட்கார்ந்துவிட்டாள். மடியில் காய்கறிப் பை. பையின் மேல் நனைத்துப் பிழிந்த துண்டு.