ஹிஸ்டரி படிச்சு இன்னா பண்ணப் போற?

அரசு கலைக் கல்லூரியில் படித்தவர்கள் யாரும் 'வரலாறு எடுத்தேன்' என்று சொல்ல மாட்டார்கள். 'ஹிஸ்டரிதான் கெடைச்சுது' என்பார்கள். 1993ல் நான் பி.ஏ. சேர்ந்தபோது எங்கள் வகுப்பில் பாதிக்கு மேல் அப்படிக் கிடைத்தவர்கள்தான். மார்க் அதிகம் வாங்கியவனுக்கு பி.காம். அடுத்தவனுக்குக் கணக்கு, இயற்பியல். மிச்சம் இருந்தவர்களுக்கு வரலாறு, பொருளாதாரம், தமிழ். மிச்சம் இருந்தவர்கள் யார் என்று இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆதிதிராவிடர் நல விடுதியில் தகரப் பெட்டியோடு வந்து இறங்கியவர்கள், செங்கல் சூளையில் வேலை செய்துகொண்டே பன்னிரண்டாவது முடித்தவர்கள், ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறப் போய்த் திங்கட்கிழமை முதல் வகுப்பில் தூங்கி வழிகிறவர்கள்.

எங்கள் நைனாவுக்கு பி.ஏ. என்றால் என்னவென்று தெரியாது. நைனா ஏர் ஓட்டிய நிலத்துக்காரர் ஒருநாள் வரப்பில் நின்றுகொண்டு கேட்டிருக்கிறார். "இன்னாடா, உம் புள்ள காலேஜுக்குப் போறானாமே? இன்னா படிக்கிறான்?" நைனா சொல்லத் தெரியாமல் நின்றிருக்கிறார். "ஹிஸ்டரியா? அது படிச்சு இன்னா பண்ணப் போறான்? ஐ.டி.ஐ.ல சேத்து வுட்டிருந்தா ரெண்டு வருசத்துல வெல்டிங் வேலைக்குப் போயிருப்பான்ல?" நைனா வீட்டுக்கு வந்து அதே கேள்வியை என்னிடம் கேட்டார். பிறகு மாமா கேட்டார். விடுதிக் காப்பாளர் கேட்டார். கூட்டங்களில் சந்தித்த இயக்கத் தோழர்கள்கூடக் கேட்டார்கள்.

நிலத்துக்காரரும் தோழரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள் என்றால் அந்தக் கேள்வியைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். வெல்டிங் கேவலமான வேலை என்று நான் சொல்லவில்லை. என் தம்பி அந்த வேலைதான் செய்தான், அவன் சம்பாதித்த காசில் நான் பரீட்சைக்குப் பணம் கட்டியிருக்கிறேன். நம் பிள்ளை என்றதும் எல்லோருக்கும் அவன் கை மட்டும் ஏன் ஞாபகம் வருகிறது என்பதுதான் என் கேள்வி. 1953ல் ராஜாஜி அரைநாள் பள்ளி, அரைநாள் வீட்டுத் தொழில் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். குலக்கல்வி என்று அதைப் பெரியாரும் மற்றவர்களும் எதிர்த்தார்கள். 1954ல் காமராசர் முதல்வரானதும் அது போனது. திட்டம் போனதே தவிர நினைப்பு போகவில்லை. அமெரிக்காவில் சமுதாயக் கல்லூரி என்றால் ஏழை வீட்டுப் பிள்ளை இரண்டு வருசம் அங்கே வரலாறு, இலக்கியம், தத்துவம் எல்லாம் படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறிக்கொள்ளலாம். தொழிலும் படிக்கலாம். தொண்ணூறுகளின் நடுவில் அந்தப் பெயர் நம் பக்கம் வந்தபோது பெரும்பாலும் தொழிற்பயிற்சி மட்டும்தான் கூட வந்தது. வரலாறும் தத்துவமும் கப்பல் ஏறவில்லை.

அம்பேத்கர் என்ன செய்தார் என்று பாருங்கள். 1945ல் மக்கள் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். அடுத்த வருசமே பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் திறந்தார். 1950ல் ஔரங்காபாத்தில் மிலிந்த் கல்லூரி. இரண்டிலும் அறிவியலோடு கலைப் பாடங்களும் இருந்தன. நம் சனங்களுக்குத் தையல் பள்ளியும் தச்சுப் பட்டறையும் போதும் என்று அவர் நினைத்திருந்தால் அதைக் குறைந்த செலவில் முடித்திருக்கலாம்.

கல்லூரி எங்களை மாலை போட்டு வரவேற்றதாக யாரும் நினைக்க வேண்டாம். சோழர் பாடம் நடத்தியவர் பொற்காலம், பொற்காலம் என்று மூச்சுக்கு மூச்சு சொல்வார். ஏரி, குடவோலை, கோயில், கடல் தாண்டிய படை. ஒருநாள் விடுதியிலிருந்து வருகிற பெண் ஒருத்தி எழுந்து நின்றாள். "சார், அந்தக் காலத்துல நாங்க எங்க சார் இருந்தோம்?" வகுப்பு சிரித்தது. "எங்கியோ இருந்திருப்பீங்க, உக்காரும்மா" என்றார். அவள் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு அந்த வருசம் முழுக்க அவர் அவளிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அவள் பக்கம் திரும்பவே இல்லை.

எங்களுக்குப் பதில் சொன்னவர் வேறொரு ஆசிரியர். அதிகம் பேசாத மனுசன். நூலகத்தில் பூட்டிக் கிடந்த பீரோவைத் திறக்கச் சொல்லி, தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியை எடுத்து மேசையில் போட்டார். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள். ராசராசன் கோயிலுக்கு எழுதிவைத்த ஊர்களில் எந்தெந்த இடத்துக்கு வரி கிடையாது என்று ஒரு பட்டியல் வரும். ஊர் நத்தம், குளம், வாய்க்கால், கம்மாணச்சேரி, பறைச்சேரி. தீண்டாச்சேரி என்றும் வருகிறது. சுடுகாடுகூடத் தனியாக இருக்கிறது. அவள் விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். 'எங்கியோ இருந்திருப்பீங்க' என்றாரே, எங்கே என்று ராசராசனே கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். ஆயிரம் வருசத்துக்கு முன்னால் வெட்டிய எல்லை எங்கள் ஊரில் அன்றைக்கும் அப்படியே இருந்தது. சாலைக்கு இந்தப் பக்கம் காலனி, அந்தப் பக்கம் ஊர். சுடுகாடு இரண்டு.

அன்றைக்கு எனக்குச் சந்தோசமா துக்கமா என்று சொல்லத் தெரியவில்லை. ஒன்று மட்டும் புரிந்தது. நம்மை இழிவுபடுத்திய காகிதமும் கல்லும் நமக்குச் சாட்சி சொல்லவும் வரும். ஆனால் அதைப் படிக்கத் தெரிந்தவன் நம்மில் ஒருத்தன் இருக்க வேண்டும்.

மூன்றாம் ஆண்டில் வரலாற்று வரைவியல் என்று ஒரு தாள் உண்டு. எல்லோரும் பயப்படுகிற தாள். முதன்மைச் சான்று எது, இரண்டாம் நிலைச் சான்று எது, வாய்மொழியை எப்படி எடுத்துக்கொள்வது, எழுதினவன் யார், யாருக்காக எழுதினான் என்றெல்லாம் வரும். மனப்பாடம் பண்ணிக்கொண்டிருந்தபோது எனக்கு எங்கள் ஆயா ஞாபகம் வந்தது. சின்ன வயசிலிருந்து ஆயா ஒரே விசயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது. "ஏரிக்கரைக்குக் கீழ கீதே, அந்த ரெண்டரை ஏக்கரு, அது நம்முதுடா. வெள்ளக்காரன் குடுத்தது. உங்க முப்பாட்டன் கையெழுத்து போடத் தெரியாம பெருவெரல வச்சுட்டு, நெல்லுக்கு வுட்டுட்டான்." வீட்டில் யாரும் காதில் வாங்க மாட்டார்கள். கிழவி புலம்புது என்பார்கள்.

புலம்பல் இல்லை, அது வாய்மொழிச் சான்று என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தது அந்தத் தாள்தான்.

அதற்கு முந்தின வருசம்தான், 1994 அக்டோபர் 10ல், காரணைப் பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தில் போலீஸ் சுட்டு ஜான் தாமசும் ஏழுமலையும் செத்துப்போனார்கள். எங்கள் மாவட்டம். பஞ்சமி நிலம் என்கிற வார்த்தை அப்போதுதான் விடுதி முழுக்கப் பேச்சானது. 1891ல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர் பறையர்களின் நிலைமையைப் பற்றி அரசுக்கு அறிக்கை எழுதினார். 1892ல் அரசு, ஒடுக்கப்பட்டவர்களுக்கு நிலம் ஒப்படைக்க ஆணை போட்டது. முதல் பத்து வருசம் விற்கக் கூடாது, அடமானம் வைக்கக் கூடாது, குத்தகைக்கு விடக் கூடாது. அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்டவர்களுக்குத்தான் கொடுக்கலாம். வேறு யாருக்குக் கொடுத்தாலும் செல்லாது. இப்படிக் கொடுத்தது 12 லட்சம் ஏக்கர் என்பது இயக்கங்கள் சொல்கிற கணக்கு. ஆயா சொன்ன 'வெள்ளக்காரன் குடுத்தது' என்கிற வார்த்தைக்குப் பின்னால் இவ்வளவு இருந்தது.

பட்டம் வாங்கியதும் தாலுகா ஆபீசுக்குப் போனேன். "எந்த ஊரு?" என்றார் அங்கிருந்தவர். சொன்னேன். "ஊரா, காலனியா?" காலனி என்றேன். "பட்டா உன் பேர்ல இல்லியே, நீ எதுக்குக் கேக்கற?" என்று போகச் சொல்லிவிட்டார். எட்டு மாதம் நடந்தேன். எண்பதுகளில் எழுதிய யு.டி.ஆர். கணக்கில் அந்தச் சர்வே நம்பருக்கு நேராக ஒரு குறிப்பும் இல்லை. வேறொருத்தர் பெயர் இருந்தது, அவ்வளவுதான். அத்தோடு திரும்பியிருந்தால் ஆயா சொன்னது பொய் என்று முடிந்திருக்கும். ஆனால் ஒரு பதிவேடு என்றால் அதற்கு முந்தின பதிவேடு எது, எதைப் பார்த்து இதை எழுதினார்கள் என்று கேட்கத்தானே எங்களுக்குப் பழக்கியிருந்தார்கள்? பழைய செட்டில்மெண்ட் கணக்கு வேண்டும் என்று ஸ்டாம்பு ஒட்டி மனு போட்டேன். பூச்சி அரித்த நகல் வந்தது. குறிப்புக் கலத்தில் டி.சி. நிலம், நிபந்தனைக்குட்பட்டது என்று இருந்தது. முப்பாட்டன் பெயர் தப்பும் தவறுமாக இருந்தது, ஆனால் இருந்தது.

நகலைக் கொண்டுபோய் ஆயாவிடம் படித்துக் காட்டினேன். "இதத்தான நான் சொன்னேன்" என்றது. அவ்வளவுதான்.

நிலம் திரும்பி வந்துவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். வரவில்லை. மனு கலெக்டர் ஆபீசில் இருக்கிறது. நிலத்தில் பிளாட் போட்டுக் கல் நட்டிருக்கிறார்கள். ஆயா போய்ச் சேர்ந்துவிட்டது. ஒரு பி.ஏ. பட்டத்தால் நிலத்தை மீட்க முடியாது, அதற்கு இயக்கம் வேண்டும், சனம் வேண்டும். ஆனால் எங்கள் காலனியில் இப்போது யாரும் 'அது நம்ம நெலமாம்' என்று சொல்வதில்லை. சர்வே நம்பரைச் சொல்கிறார்கள். என் நகலைப் பார்த்துப் பக்கத்து இரண்டு ஊர்க்காரர்கள் மனு போட்டு அவரவர் கணக்கை வாங்கியிருக்கிறார்கள். நிலத்துக்காரர் வீட்டில் எங்கள் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று கேட்பதை நிறுத்திவிட்டார்கள்.

அரசு கலைக் கல்லூரிகளில் இன்றைக்கு நிறைய வகுப்புகளை நடத்துகிறவர்கள் நிரந்தர வேலை இல்லாத கௌரவ விரிவுரையாளர்கள். உதவித்தொகை நேரத்துக்கு வராமல் நம் பிள்ளைகள் பாதியில் நின்றுபோகிறார்கள். பன்னிரண்டாவது முடித்த தங்கச்சிக்கு என்ன படிக்கலாம் என்று நம்மிடம் கேட்டால் நாமே 'நர்சிங் படி, சீக்கிரம் வேலை கெடைக்கும்' என்கிறோம். அவளுக்கு விருப்பம் என்றால் படிக்கட்டும். ஆனால் வரலாறு படிக்கிறேன் என்று ஒருத்தி வந்து நின்றால் அவளிடம் 'இன்னா பண்ணப் போற?' என்று கேட்காதீர்கள். உங்கள் ஊர்க் கிழவி எதைப் புலம்புகிறது என்று கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். உங்கள் ஊர் செட்டில்மெண்ட் கணக்குக்கு மனு போடச் சொல்லுங்கள். ஸ்டாம்புச் செலவை நீங்கள் கொடுங்கள்.